வியாழக்கிழமைக் கூட்டத்துக் கம்பவுண்டர்

எழுதத்தான் செய்வேன், ஞானப்பிரகாசம். நீர் சங்கத்துக்குச் செயலாளர். என் பென்சிலுக்கு இல்லை. "கம்பவுண்டரு பதினாறாம் நாள் மலருக்கு அரைப் பக்கம் போதும் வே. நல்ல மனுசன், நல்லா மருந்து கட்டுவாரு, சிரிச்ச முகம். அந்த வட்டக் கூட்டத்த மட்டும் இழுக்காதேயும், பொம்பளைங்க படிக்கிற காயிதம்" என்று சொல்லிவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் சைக்கிளில் ஏறிப் போய்விட்டீர். வயதான ஆளிடம் பேச்சில் ஜெயிக்க நல்ல வழிதான். ஆனால் காகிதத்தை என் கையில் கொடுத்துவிட்டல்லவா போனீர்? பெண்கள் படிக்கட்டும். அவர்களிடம் மறைத்து மறைத்துத்தான் இந்தக் கரையில் பாதிக் குடும்பம் வாயை மூடிக்கொண்டு சாகிறது.

செய்தி வந்தபோது நான் வள்ளத்துக்கு அடியில் படுத்து, பலகை இடுக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தேன். உப்பளத்து இசக்கி வந்து என் காலைத் தட்டினான்.

"தொம்மை அண்ணாச்சி, நம்ம கம்பவுண்டரு செத்துப் போனாரு."

"ஏலே, காலங்காத்தால என்ன விளையாட்டு?"

"விளையாட்டு நீரு காட்டுறதுல்லா? நான் எப்ப காட்டுனேன்? முத்தையாபுரத்து வீட்டுல, பல்லு தேச்சுட்டு இருந்தவரு அப்படியே உக்காந்துட்டாராம்."

நான் வெளியே வரவில்லை. பஞ்சு அடைத்த இடத்திலேயே இன்னும் கொஞ்சம் பஞ்சை அடைத்தேன்.

முத்தையாபுரத்திலேயே அடக்கம். போனோம். சங்கத்தின் சார்பில் மாலை போட்டார்கள். பிறகு நீர் பேசினீர், ஞானப்பிரகாசம். சுடலைமுத்து கம்பவுண்டர் நம் சங்கத்து மருந்தகத்தில் உழைத்தவர், ஒரே ஒரு தடவை வாய் காக்கத் தவறினார், அதை இன்று நாம் மன்னிப்போம் என்றீர். கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு அந்த மாலையைப் பிடுங்கி உம் கழுத்திலேயே போடலாம் போல இருந்தது. மன்னிப்பதற்கு இவர்கள் யார்? கம்பவுண்டர் அந்தத் தவறைச் செய்யவே இல்லை. செய்தவன் யார் என்று இந்த ஊரில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவரைத்தான் அன்று அடக்கம் செய்தார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுடலைமுத்து ஆழ்வார்திருநகரிப் பக்கம் பனங்காட்டு ஊர்க்காரர். புதுத் துறைமுகம் திறந்த சமயத்தில் சங்கத்து மருந்தகத்துக்கு வந்தார். சிவப்புத் தண்ணீரும் மாத்திரையும் கொடுப்பது அவர் வேலை. கொஞ்ச நாளில் ஒன்றைக் கவனித்தார். வயிற்றுவலி என்று வரும் ஆண்கள் மருந்தை வாங்கிய பிறகும் போவதில்லை. கூட்டம் கலையும்வரை சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கடைசியில் "அண்ணாச்சி, ஒரு விசயம்" என்பார்கள். பிறகு "ஒண்ணுமில்ல" என்று போய்விடுவார்கள். போய் எங்கே விழுவார்கள் என்றால், மாதம் ஒரு தடவை லாட்ஜில் அறை எடுக்கும் அந்த லேகிய வைத்தியனிடம். அவன் "உன் சக்தியெல்லாம் போச்சு, இன்னும் ஆறு மாசம்தான்" என்று பயமுறுத்தி ஒரு பாட்டிலைக் கையில் கொடுப்பான்.

"வயித்துவலின்னு வாரவன்ல பாதிப் பேருக்கு வலி வயித்துல இல்ல" என்பார் கம்பவுண்டர். அதனால்தான் மருந்தகத்துப் பின்கட்டில் பாயை விரித்து, எட்டு எட்டுப் பேராக வட்டமாக உட்கார வைத்துப் பேசலாம் என்று ஆரம்பித்தார். உடம்பு, பெண்டாட்டி, பிள்ளை, பயம், எதைப் பற்றியும் பேசலாம்.

முதல் கூட்டம் சிரிப்பாய்ச் சிரித்தது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு யோசனை. சங்கு குளிக்கும் ஆட்களை வள்ளம் வள்ளமாக உட்கார வைத்துவிட்டார். இப்போதெல்லாம் பையன்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு கயிறு இல்லாமல் குதிக்கிறார்கள். எங்கள் வள்ளங்களில் பழைய வழக்கம்தான். கீழே ஒருவன் மூழ்குவான், மேலே ஒருவன் அவன் கயிற்றைப் பிடித்திருப்பான். உயிரையே ஒருவன் கையில் கொடுக்கிறவன் அவனிடம் எதைத்தான் சொல்லமாட்டான் என்பது கம்பவுண்டரின் எண்ணம்.

எட்டுப் பேர் உட்கார்ந்தோம். அவர் சிலேட்டில் கர்ப்பப்பை படம் போட்டார். ஒருவன் கூரையைப் பார்த்தான். ஒருவன் பாயின் கோரையைப் பிய்த்தான்.

"என்ன அண்ணாச்சிமாரே, ஒண்ணும் கேக்கலியா?"

"கேக்கலாம்" என்றேன் நான். "நாளைக்கு வாடைக்காத்து அடிக்குமா?"

எல்லாரும் வெடித்துச் சிரித்து எழுந்து ஓடிவிட்டார்கள். நான் மட்டும் இருந்து அவருக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"வே கம்பவுண்டரே, கயிறு பிடிக்கிறவன் யாருன்னு நெனச்சீரு? முங்குறவன் பெண்டாட்டியோட கூடப்பிறந்தவன். தங்கச்சி தாலி அறுந்துரக் கூடாதுன்னு பிடிய விடமாட்டான், அதான் அந்த வழக்கம். அவன் முன்னால உக்காந்து அவன் தங்கச்சியப் பத்தி என்னத்த வே பேசுவான்?"

அவர் சிலேட்டைக் கீழே போட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உசிரக் குடுக்குற ஆளுகிட்ட எதையும் சொல்லலாம்னுல்லா நெனச்சேன்! இது தலகீழால்லா இருக்கு!" என்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தன்னைப் பார்த்துத் தானே அப்படிச் சிரிக்கும் படித்த ஆளை நான் அதுவரை கண்டதில்லை.

மறுநாள் அவரும் நானும் உட்கார்ந்து யார் யாருக்கு மச்சான், யார் யாருக்கு மாமன் என்று பிரித்துப் பார்த்தோம். எங்கள் கரையில் சொந்தம் இல்லாத எட்டுப் பேரைச் சேர்க்கவே முடியவில்லை. கடைசியில் உப்பளத்து ஆள், மூட்டை தூக்குகிறவர், மில்லர்புரத்துக் குமாஸ்தா, கடலாள் என்று கலந்தோம். மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரனும் இந்துவும் ஒரே பாயில். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நான். வியாழக்கிழமைக் கூட்டத்தில் என் கடைசித் தங்கை மரியம்மையின் வீட்டுக்காரன் சூசை. அவன் மூழ்குகிறவன், நான் அவன் கயிற்றைப் பிடிப்பவன். எங்கள் இருவரையும் ஒரே நாளில் போடக் கூடாது என்று கம்பவுண்டர் சிலேட்டில் கோடு போட்டே எழுதி வைத்தார்.

அவருடைய விதிகள் இரண்டே இரண்டு. இங்கே கேட்டது இந்தப் பாயை விட்டு எழுந்து வெளியே போகக் கூடாது என்பது ஒன்று. "அடுத்தவனுக்குப் புத்தி சொல்லணும்னா முதல்ல உன் கதையச் சொல்லு" என்பது மற்றது. இரண்டாவது விதியில் பாதிப் பேருக்கு வாய் அடைத்துப் போனது. புத்தி சொல்வதற்கு நாங்கள் ரெடி. கதை சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசக்கி, தன் பெண்டாட்டி வரிசையாக ஐந்தும் பெண்ணாகப் பெற்றுவிட்டாள் என்று கொதித்தான். இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னான். கம்பவுண்டர் அவசரப்படவில்லை. வெள்ளைச் சோழியும் புள்ளிச் சோழியும் எடுத்து வந்து பாயில் வைத்தார்.

"பொம்பளகிட்ட வெள்ளை மட்டுந்தான் உண்டு இசக்கி. ஆம்பளகிட்ட ரெண்டும் உண்டு. நீ வெள்ளையப் போட்டா பொண்ணு, புள்ளியப் போட்டா பையன். இப்பச் சொல்லு, அஞ்சு தடவையும் வெள்ளையப் போட்டது யாரு?"

கூட்டத்தில் ஒரே கூச்சல். "பொய்யி! கம்பவுண்டரு பொம்பளைங்க கட்சி!" என்று கத்தினோம். இசக்கி மட்டும் கத்தவில்லை. சோழியை எடுத்து உள்ளங்கையில் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். பிறகு, "அப்பம் நான் அவள அடிச்சதெல்லாம்?" என்றான். அன்று நான் ஒரு கேலியும் பேசவில்லை என்றால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

நானும் பேசினேன். மூன்று வாரம் எல்லாரையும் சிரிக்க வைத்துத் தப்பித்தேன். நான்காவது வாரம் கம்பவுண்டர், "தொம்மை அண்ணாச்சி, சிரிப்பு முடிஞ்சுதுன்னா கொஞ்சம் பேசலாமா?" என்றார். என் பெண்டாட்டி செத்து எட்டு வருஷம் ஆகியும் அவள் சேலையைத் தலைக்கு வைத்தால்தான் தூக்கம் வருகிறது, வெளியே தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று கேலி செய்கிற நானே பயந்துகொண்டிருக்கிறேன் என்றேன். மில்லர்புரத்துக் குமாஸ்தா, "எனக்கு அவ வளையல் பெட்டி அண்ணாச்சி" என்றார். அவ்வளவுதான். அவருக்கும் பெண்டாட்டி இல்லை என்று அன்றுதான் எனக்குத் தெரியும். இன்றுவரை என் சேலைக் கதை ஒரு டீக்கடைக்கும் போகவில்லை. இதோ நானே எழுதித்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

இதற்கு மேல் எழுதுமுன் பென்சிலை இரண்டு தடவை சீவினேன்.

மரியம்மைக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷமாகியும் பிள்ளை இல்லை. கோயிலில் ஒரு ஞானஸ்நானம். சொந்தக்காரி ஒருத்தியின் குழந்தை. மரியம்மை ஆசையாகக் கையை நீட்டினாள். குழந்தையின் பாட்டி, "நீ வேண்டாம்ளா, வேற யாராச்சும் பிள்ளை பெத்தவ வாங்கட்டும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாள். என் தங்கை நீட்டிய கையை மடக்கி, முந்தானையைச் சரிசெய்வது போல நடித்தாள். அதை நான் பார்த்துவிட்டேன்.

அது நடந்த வாரம், வியாழக்கிழமை மத்தியானம், மருந்தகத்துப் பக்கம் போனவன் பின்கட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன். தற்செயல் என்று சொல்லமாட்டேன். நிற்க வேண்டும் என்றுதான் நின்றேன். உள்ளே சூசையின் குரல்.

"மூணு வருசமா நான் அவ பக்கத்துல படுக்கல. லாட்ஜு வைத்தியரு சொன்னாரு, பொம்பளயத் தொட்டா எனக்கு மூச்சு குறைஞ்சிரும், கடலுக்குள்ள போனா மேல வரமாட்டேன்னு. அவகிட்டயும் சொல்ல முடியல. அவ தன்ன எனக்குப் பிடிக்கலன்னு நெனைக்கா. ஊரு அவள மலடிங்குது. நான் சும்மா கேட்டுட்டு இருக்கேன்."

அவன் அழுதான். யாரோ ஒரு உப்பளத்துக்காரர், "எனக்கும் அந்தாளு இப்படித்தான் சொன்னான் தம்பி. நான் ரெண்டு வருசம் பயந்தேன். ஒண்ணும் ஆகல, பாரு, உயிரோட இருக்கேன்" என்றார். தன் கதையைச் சொல்லிவிட்டுத்தான் புத்தி சொன்னார். விதி உள்ளே ஒழுங்காக நடந்துகொண்டிருந்தது. வெளியே நின்றவன்தான் திருடன்.

கூட்டம் முடிந்ததும் கம்பவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

"என் தங்கச்சிய ஊரு மலடிங்குது. உண்மை உமக்குத் தெரியும். எத்தன வாரமா தெரியும்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணாச்சி."

"நான் கேட்டேன் வே, ஜன்னல்ல நின்னு."

அவர் முகம் செத்துவிட்டது. "நின்னது தப்பு" என்றார். "அவரு அந்த லாட்ஜு வைத்தியன் பாட்டில வீசிட்டாரு. இன்னும் ஒரு மாசம் பொறும். அவரே அவங்ககிட்டச் சொல்லுவாரு. அவரு வாயால வரணும். நீரு இழுத்தா அறுந்துரும்."

நான் பொறுக்கவில்லை. மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு கரையில் எல்லாரும் கண்ணயர்ந்திருந்த நேரம், சுண்ணாம்புக் கட்டியை எடுத்து எங்கள் வள்ளத்தின் பக்கவாட்டில், சூசை பேரைப் போட்டு, 'கடலில் மூச்சு உண்டு, கட்டிலில் இல்லை' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுத்து கோணலாக இருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் இந்தக் கரையில் நான் மட்டுமா? என் தங்கை மேல் இருக்கும் பழி போகட்டும் என்று நினைத்தேன். சும்மா சொல்லக் கூடாது, எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது. அந்தச் சிரிப்புக்காகவே என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வெயில் சாய்வதற்குள் கரை முழுக்க வாசித்துவிட்டது. சூசை வந்து பார்த்தான். வந்த வழியே திரும்பிப் போனான். அந்த எழுத்தை அழித்தது மரியம்மை. முழங்கால் தண்ணீரில் நின்று, தேங்காய் மட்டையால் தேய்த்துத் தேய்த்து, சுற்றி நின்று சிரித்தவர்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துக்கொண்டே அழித்தாள். "என்ன மலடின்னு சொன்னப்பமும் இங்கனதான் நின்னீங்க, இப்பமும் இங்கனதான் நிக்கீங்க. உங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்று கேட்டாள். நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். என்னையும் பார்த்தாள்.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் சொன்னது எப்படி வெளியே வந்தது என்று சங்கத்தில் விசாரணை. அந்தப் பாயில் இருந்த மற்றவர்களைச் சந்தேகப்பட்டு அடிக்கவே போய்விட்டார்கள். கம்பவுண்டர் எழுந்து, "என் வாயிலிருந்துதான் போச்சு. மத்தவங்கள விட்டுருங்க" என்றார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. ஞானப்பிரகாசம், நீர்தான் மருந்தகத்துச் சாவியைக் கையை நீட்டி வாங்கினீர். வட்டக் கூட்டம் அன்றோடு சரி. சூசை அவர் முன்னால் போய்க் காறித் துப்பிவிட்டு வெளியேறினான்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஆமாம், நான்தான் சண்டை போட்டேன். "உம்ம யாரு வே பழிய ஏத்துக்கச் சொன்னது?" என்று கத்தினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நாளைக்கு அவரு கடலுக்குள்ள இறங்கணும் அண்ணாச்சி. கயிறு உம்ம கையில. கயித்தப் பிடிக்கிறவன் மேல சந்தேகம் வந்தா அவரு எப்படி முங்குவாரு? என் மேல வந்தா வரட்டும். நான் கரையில இருக்கவன்."

அவர் முத்தையாபுரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் உப்பளக் கொட்டகையில் மறுபடி பாயை விரித்தார். இசக்கி போனான், குமாஸ்தா போனார். நான் போகவில்லை. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினேன். அவர் இசக்கியிடம் ஒரு டப்பி தைலம் கொடுத்தனுப்பினார். மறுமாதமும் வலி என்றேன், மறுமாதமும் டப்பி. எனக்கு வலி முழங்காலில் இல்லை என்று அந்த மனுசனுக்குத் தெரியாமலா இருக்கும்?

அடுத்த வருஷம் மரியம்மைக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்த வியாழக்கிழமைகள் இல்லாவிட்டால் அந்தக் குழந்தை இல்லை. ஆனால் கம்பவுண்டருக்கு அதைத் தூக்கிக் காட்ட ஒருவர் போகவில்லை. சூசை அவர் கடையிருக்கும் தெருவில்கூட நடக்கமாட்டான். அடக்கத்துக்கும் வரவில்லை. "வாய் காக்கத் தெரியாத ஆளுக்கு மாலை ஒரு கேடா?" என்றான். நான் அப்போதும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு சும்மா இருந்தேன்.

எனக்கு எல்லார் மேலும் கோபம். அவரை மன்னித்தீர்களே, உங்கள் மேல் கோபம். பழியைத் தூக்கிக்கொண்டு, இறக்கி வைக்காமலே செத்துப் போனாரே, அவர் மேல் கோபம். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் வள்ளத்தடியில் சூசைக்கு வாசித்துக் காட்டினேன். அச்சில் பார்த்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது. என் வாயால் வர வேண்டும். காலையில் கடலில் நனைந்த கயிற்றின் முனை பிரிந்திருந்ததால் அதைப் பின்னிக்கொண்டிருந்தேன். பின்னுவதை நிறுத்தி, கயிற்றை மடியில் போட்டுக்கொண்டு வாசித்தேன். "ஏலே மாப்ளே, நல்லா எழுதியிருக்கேனான்னு சொல்லு" என்று ஆரம்பத்தில் கேலியாகத்தான் தொடங்கினேன். சேலைக் கதைக்கு என்னை நிமிர்ந்து பார்த்தான். ஜன்னல் வந்ததும் அவன் கையிலிருந்த பீடி அணைந்தது, மறுபடி பற்ற வைக்கவில்லை. சுண்ணாம்புக் கட்டி வந்தபோது நான் தலையைத் தூக்கவில்லை.

"நீரா?" என்றான்.

"நான்தான்."

"அந்தாளு முன்னால நான் துப்புனேனே மச்சான்."

"மூணாவது வரிசையில இருந்து பாத்தேன்."

எனக்கு நிறுத்தப் பயமாக இருந்தது, அதனால் வாசித்துக்கொண்டே போனேன். கயிறு பற்றி அவர் சொன்னது முடிந்தது. தைல டப்பி முடிந்தது. கடைசியாக, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது என்ன என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன்: "அந்தக் காலி டப்பிகள் எல்லாம் என் தகரப் பெட்டியில் இருக்கின்றன. கடைசியாக வந்ததை நான் இன்னும் திறக்கவில்லை. அதோடு அவருடைய விதி ஒன்று என்னிடம் இருக்கிறது, அடுத்தவனுக்குப் புத்தி சொல்லுமுன்..."

சூசை எழுந்தான். என் மடியிலிருந்த கயிற்றை எடுத்தான். நான் பிடித்துக்கொள்ளவில்லை. அதைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு மணலில் ஏறி நடந்தான்.

"ஏலே, இன்னும் நாலு வரி இருக்குலே!" என்று கத்தினேன்.

அவன் திரும்பவில்லை. ரோட்டில் முத்தையாபுரம் பஸ் நின்றுகொண்டிருந்தது. தோளில் ஈரக் கயிற்றோடு அதில் ஏறினான்.